விழும்போது வாங்கியவள்

நஸ்ரினுக்குக் கிரிக்கெட் தெரியாது. எந்த அணிக்கு யார் கேப்டன் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்ல வராது. ஆனாலும் ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தபடியே இரண்டு வருஷம் அவள் கிரிக்கெட்டில் சம்பாதித்தாள்.

சேலத்தில் பி.காம். முடித்து, முபாரக்கைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவள். முபாரக்குக்கு ஏரிப் பக்கம் மிளகும் காப்பித்தூளும் விற்கிற கடை. மகள் சுமையா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நஸ்ரின் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டாள். ஆதார் திருத்தம், பட்டா நகல், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் என்று நாகலூர், கொட்டச்சேடு ஆட்களெல்லாம் அவளிடம்தான் வந்தார்கள். பொறுமையாகக் கேட்டு எழுதிக் கொடுப்பாள் என்று பேர் இருந்தது. காலையில்தான் கூட்டம். மதியத்துக்கு மேல் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அந்த மதியங்களில் யூடியூப்பில் ஷேர் மார்க்கெட் பாடம் கேட்க ஆரம்பித்தாள். பச்சையும் சிவப்புமாகக் குச்சி குச்சியாக நிற்கும் கிராப்பைப் பார்த்து, விலை எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்று கணிக்கிற வித்தை அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஷேரில் போட முதல்தான் இல்லை. ஒரு வீடியோவுக்குக் கீழே யாரோ ஒருவன் எழுதியிருந்தான்: இதே கிராப்பை பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் வைத்துப் பாருங்கள், ஆயிரம் ரூபாய் போதும். நம்பரும் கொடுத்திருந்தான். வாட்ஸ்அப்பில் பேசினாள், உள்ளே நுழைய ஓர் ஐடி வந்தது. தடை செய்யப்பட்ட விஷயம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அங்கே கம்பெனியோடு பந்தயம் கட்டுவதில்லை. ஓர் அணி ஜெயிக்கும் என்று நம்புகிறவர் வாங்குவார், நம்பிக்கை போனவர் விற்பார். முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் அந்த விலை பந்துக்குப் பந்து ஏறி இறங்கும். விக்கெட் விழுந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் பயந்து விற்பார்கள். விலை விழ வேண்டியதைவிடக் கீழே போகும். மூன்று நான்கு நிமிஷத்தில் கொஞ்சமாவது மேலே வரும். நஸ்ரின் பழைய ஆட்டங்களின் கிராப்பையெல்லாம் நோட்டில் வரைந்து, விழுகிற விலை எந்த இடத்தில் நிற்கும் என்று கோடு போட்டு வைத்திருந்தாள். அந்தக் கோட்டில் முன்கூட்டியே விலை சொல்லிக் காத்திருப்பாள். விழும்போது வாங்குவாள், ஏறும்போது விற்றுவிடுவாள். சில நாள் கை சுட்டாலும் மாதக் கடைசியில் கையில் நின்றது.

வீட்டில் ஷேர் மார்க்கெட் என்று சொல்லியிருந்தாள். மாமனார் அமீர் ஜானுக்கு அதில் ஒரே பெருமை. ஜும்மா முடிந்து திரும்புகிறவர்களை நிறுத்தி, "நம்ம மருமவ ஷேர் மார்க்கெட்டுல கில்லாடிங்க, பொம்பளப் புள்ளைக்கு எம்புட்டு அறிவுங்கறீங்க!" என்பார். உள்ளே இருந்து கேட்கும்போது நஸ்ரினுக்கு முகம் சுடும். நான் ஆடவில்லை, கணக்குப் போட்டு வியாபாரம் செய்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் நோன்பு மாதம் முழுக்க அவள் ஐடியைத் திறந்ததில்லை. பசி மயக்கம், அதனால்தான் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் மாரியப்பன் லைசென்ஸ் நகல் எடுக்க வந்தார். எடுத்த பிறகும் போகவில்லை. மழை தூறியது. கடை வாசலிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஓடிய ஆட்டமும் நஸ்ரினின் கம்ப்யூட்டரில் ஓடிய கிராப்பும் ஒன்றுதான். அது அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் உள்பக்கம் திரும்பியிருந்தது.

"அய்யோ, போச்சுங்க!" என்று திடீரெனக் கத்தினார்.

"என்னாச்சுங்கண்ணா?"

"விக்கெட்டு போச்சுங்க தங்கச்சி. இனி இவனுங்க தேற மாட்டானுங்க. வந்த வெலைக்கு வித்துப்போட்டு வெளிய வந்தர்றனுங்க." விரல் நடுங்க, போனில் எதையோ அழுத்தினார். "மூவாயிரத்து நாப்பது. கெடந்த அத்தனையும் தள்ளி உட்டுட்டேன்."

நஸ்ரினின் திரையில் விலை கோட்டைத் தொட்டது. அவள் காத்துக்கொண்டிருந்த பத்தாயிரத்தில் ஒரு பகுதி மட்டும் கைக்கு வந்தது. எவ்வளவு என்று பார்த்தாள். மூவாயிரத்து நாற்பது.

இரண்டு தடவை படித்தாள். வாசலில் நின்றவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் செய்திருக்கக்கூடியது எவ்வளவோ இருந்தது. பொறுங்கண்ணா, ஏறும் என்று அவர் விற்கும் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கு நிமிஷம் கழித்து விலை ஏறியது. அவள் விற்றாள். கை தன்பாட்டில் அந்த வேலையைச் செய்தது. மாரியப்பன் அதற்குள் மழையிலேயே நடந்து போய்விட்டிருந்தார்.

அதுவரை விற்கிறவன் யார் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிறகு கிராப்பில் ஒரு சிவப்புக் குச்சி நீளமாக இறங்கினால் அதில் ஒரு நடுங்கும் விரல் தெரிந்தது. இருந்தும் உடனே நிறுத்தினாளா என்றால், இல்லை. அடுத்த வாரமும் ஆடினாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் கூசும்.

பத்து நாள் கழித்து மாரியப்பனின் மனைவி செல்வி வந்தாள். காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். தன் ஸ்கூட்டரின் ஆர்.சி. புக்கை நீட்டினாள்.

"ரெண்டு காப்பி போடுங்கக்கா. வண்டிய விக்கறோம்."

"ஏன் செல்வி, அது நீ வேலைக்குப் போற வண்டியாச்சே?"

"நடந்து போய்க்கறனுங்க. இவருக்குப் போனுல சூதாட்டம் நொம்ப முத்திப் போச்சுங்கக்கா. கட்டறதெல்லாம் தோக்கறாரு." செல்வி குரலைத் தாழ்த்தினாள். "உங்க மாமனாரு பெருமையாச் சொல்றாருங்க, நீங்க ஷேருல நல்லா சம்பாதிக்கறீங்கன்னு. கும்புட்டுக் கேக்கறேன், அவருக்கும் உங்களாட்டம் கௌரவமா ஏதாச்சும் சொல்லிக் குடுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

நஸ்ரின் மிஷினின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "பாக்கலாம் செல்வி" என்றாள். அவ்வளவுதான் வந்தது. காசு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். செல்வி நாலு ரூபாயை எண்ணி மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

அன்று சாயங்காலம் முபாரக் கடையைப் பூட்டி வந்ததும் நஸ்ரின் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"ஷேருன்னு சொன்னியே."

"பொய்யிங்க."

"ஜெயிச்சியா, தோத்தியா?"

"ஜெயிச்சேங்க."

முபாரக் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "தோத்தேன்னு சொல்லியிருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும்" என்றான். பிறகு, "அந்தக் காசுல சுமையாவுக்குச் சட்ட எடுத்தமே" என்றான். அமீர் ஜானிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஐடியை மூடினாள். மூவாயிரத்து நாற்பதை ஒரு கவரில் போட்டுக்கொண்டு நாகலூர் பஸ் ஏறினாள். செல்வியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் நெஞ்சில் உள்ள பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள்.

மாரியப்பன் வீட்டில்தான் இருந்தார். செல்வி காப்பி போட உள்ளே போனாள். நஸ்ரின் உட்காராமலே சொல்லி முடித்தாள். அன்றைக்கு நீங்கள் விற்றதை வாங்கியது நான்தான், நீங்கள் நினைக்கிற மாதிரி ஷேர் இல்லை, இரண்டு வருஷமாக இதுதான் செய்தேன், தப்பு, இந்தக் காசு உங்களுடையது.

மாரியப்பன் கவரைப் பார்க்கவே இல்லை. அவர் முகம் மலர்ந்தது.

"அட, அது நீங்கதானுங்களா! ரெண்டு வருசமா ஜெயிச்சீங்களா?" நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார். "உக்காருங்க தங்கச்சி. அந்த வெல எங்க நிக்கும்னு எப்புடிக் கண்டுபுடிக்கறீங்க? நமக்கும் சொல்லிக் குடுங்க. இத்தன நாளாக் குருட்டுத்தனமா ஆடிட்டனுங்க."

"வேண்டாங்கண்ணா. அதச் சொல்ல வரலீங்க. விட்டுடுங்கன்னுதான்…"

"கணக்குத் தெரிஞ்சா ஜெயிக்கலாந்தானுங்களே? நீங்களே ஜெயிச்சிருக்கீங்க!"

செல்வி காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டம்ளரை நஸ்ரினிடம் நீட்டாமல் தரையில் வைத்தாள்.

"சூது வேண்டாம், கௌரவமா ஏதாச்சும்னு உங்ககிட்ட வந்து கேட்டேன் பாருங்க" என்றாள். "இப்ப அதுதான் நெசமாலுமே காசு வர்ற தொழில்னு ஊடு தேடி வந்து சொல்லிப்போட்டீங்க. நீங்க கெளம்புங்கக்கா."

நஸ்ரின் கவரை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு உறைத்தது: தன் பாரத்தை இறக்கத்தான் போனாள், அதை அந்த வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மாரியப்பன் அதற்குப் பிறகு மூன்று தடவை கடைக்கு வந்தார். மூன்று தடவையும் அவள் முடியாது என்றாள். கடைசித் தடவை அவர் சிரிக்கவில்லை. "நீங்க சம்பாரிச்சு முடிச்சுட்டீங்க, நாங்க மட்டும் கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. அவரே யூடியூப்பில் பார்த்துக் கற்றுக்கொள்வதாகவும், ஜீப்பில் கோடு போட்ட நோட்டு ஒன்று கிடப்பதாகவும் நாகலூர் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் விழட்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விழுந்தது.

இந்த ஜூனில் செல்வி வந்தாள். மகள் கவிப்பிரியாவுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம். வேறு கடைக்குத்தான் போயிருப்பாள், ஆனால் அன்றைக்குக் கடைசி நாள், மற்ற இரண்டு கடையிலும் நெட் இல்லை. உள்ளே வராமல் படியில் நின்றே காகிதங்களை நீட்டினாள். நஸ்ரின் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"தகப்பனார் தொழில்?"

செல்வி ரோட்டைப் பார்த்தாள். "டிரைவர்னே போடுங்க. போனப் பாத்துக்கிட்டே வண்டி ஓட்டறாருன்னு எஸ்டேட்டு ரைட்டரு வேலைய உட்டு நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. இருந்தாலும் அப்படியே போடுங்க."

நஸ்ரின் டிரைவர் என்று அடித்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை. அடுத்த கட்டம் ஆண்டு வருமானம். அதைக் கேட்க வாய் வராமல், செல்வியே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.