நத்தத்தில் வெள்ளைக்கோட்டைத் தாண்டிய ஓர் அடி

ஞாயிறு காலை ஐந்தே காலுக்குத் திண்டுக்கல்லில் ரயிலை விட்டு இறங்கினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் தவறைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு தொழில் பழகவில்லை. அதனால் இப்போது சென்னைப் பக்கத்து பைக் பந்தயங்களில் நடுவராக நிற்கிறேன். இந்த முறை நத்தத்தில் மண்தடப் பந்தயம் என்று அழைத்திருந்தார்கள். பேருந்து நிலையத்தில் ஆறு மணி வண்டி. முப்பத்தெட்டு கிலோமீட்டர், முப்பது ரூபாய்.

ஏழேகாலுக்கு நத்தத்தில் காதர் மைதீன் காத்திருந்தார். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்பவர். பந்தயத்தை நடத்துபவர் அவர்தான். ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, மாந்தோப்புகள் முடிகிற இடத்தில், உளுந்து எடுத்த நிலத்தை உருளை விட்டு இறுக்கி அறுநூறு மீட்டர் வட்டம் போட்டிருந்தார்கள். விதிகளை நான் முன்பே எழுதி அனுப்பியிருந்தேன். “எங்காளுக ரெண்டு பக்கத்துக்கு மேல படிக்க மாட்டாங்க சார்” என்று காதர் சொன்னதால், சர்வதேச விதிப்புத்தகத்தை இரண்டு பக்கமாக வெட்டியிருந்தேன். வெட்டுவதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

எட்டரைக்கு வண்டிச் சோதனை. கீரனூரிலிருந்து முருகேசன் என்ற முருங்கை விவசாயி குட்டியானை மினிலாரியில் பைக்கை ஏற்றி வந்திருந்தார். கூட வந்தவர் அவர் அக்காள் கணவர் தங்கராசு. வெல்பவருக்குக் கோயம்புத்தூர் அணி ஒன்றில் ஒரு வாரம் சோதனை ஓட்டம். தேறினால் அணியில் இடம். முப்பது வயதைத் தாண்டியவருக்கு அது இல்லை. முருகேசனின் உரிமத்தைப் பார்த்தேன். அடுத்த மாதம் முப்பது முடிகிறது.

“இன்னைக்கு விட்டா அப்புறம் முருங்கைக்காய்தானுங்க” என்றார், சிரித்துக்கொண்டே.

பத்து மணிக்குப் பயிற்சிச் சுற்று. மற்றவர்கள் வளைவுக்கு வந்த பிறகு முன் பிரேக்கைப் பிடித்து, புழுதியில் ஏர் உழுதார்கள். முருகேசன் வளைவுக்கு முன்பே பின் பிரேக்கை லேசாகத் தொட்டு வண்டியை அமர்த்தினார். பின் சக்கரம் வெளியே வழுக்க, கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பி, இடது காலைத் தரையில் உரசியும் உரசாமலும் வைத்து, ஆக்சிலரேட்டர் முறுக்கைக் குறைக்காமல் வெளியே வந்தார். பந்தயம் பார்க்கத் தொடங்கிய இருபது ஆண்டுகளில் அப்படி ஓட்டியவர்கள் என நான் பார்த்தது நான்கைந்து பேரைத்தான்.

பதினொன்றுக்கு எட்டுப் பேரும் வெள்ளைக்கோட்டில் நின்றார்கள். சிவப்புக் கொடி மேலே இருக்கும்வரை வண்டி அசையக் கூடாது. கொடி தூக்கிய நேரத்தில்தான் தங்கராசுவுக்கு எலுமிச்சம்பழம் நினைவுக்கு வந்தது. குனிந்து ஓடிவந்து முன் சக்கரத்தடியில் வைத்துவிட்டு ஓடினார். வைத்த பழத்தை நசுக்காமல் எந்த ஊர்க்காரர் கிளம்புவார்? முருகேசன் ஓர் அடி உருட்டி, நசுக்கி, நின்றார். அதற்குப் பிறகுதான் கொடி இறங்கியது.

முந்திக் கிளம்பினால் இரண்டு முறை நீள்சுற்று. அதாவது வளைவுக்கு வெளியே, புளியமரத்தைச் சுற்றி நான் காலையில் சுண்ணாம்பு போட்ட பாதையில் போய் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு விநாடி போகும். முருகேசனுக்குத் தண்டனைப் பலகையைக் காட்டச் சொன்னேன்.

“எலுமிச்சம்பழத்துக்குமா சார் சட்டம்?” என்றார் காதர்.

“சக்கரத்துக்கு” என்றேன். நல்ல பதில் என்று அப்போது தோன்றியது.

பத்துச் சுற்றில் இரண்டு முறை புளியமரத்தைச் சுற்றியும், ஆறு பேரைத் தாண்டி முருகேசன் இரண்டாவதாக வந்தார். முன்னே போனவருக்கும் அவருக்கும் இடைவெளி ஒரு பைக் நீளம்கூட இல்லை.

தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“ஏனுங்க சார், பெரிய பந்தயத்துலயும் இதே சட்டந்தானுங்களா?”

“அங்கேயும் இரண்டு முறைதான்” என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் நான் வெட்டி எறிந்த பகுதியில் இன்னொரு வரி உண்டு: கொடி இறங்குமுன் சற்று அசைந்து நின்றுவிட்டால், அதனால் ஆதாயம் கிடைத்ததா என்று நடுவரே முடிவு செய்யலாம். ஊர்க்காரர்களிடம் அந்த வரியைக் கொடுத்தால் பஞ்சாயத்து ஆகும் என்று நீக்கியிருந்தேன். நின்ற இடத்திலிருந்து கிளம்பியவருக்கு ஓர் அடியால் என்ன ஆதாயம்? தண்டனை கொடுத்தபோது அந்த வரி நினைவில்லை என்று சொல்ல ஆசைதான். நினைவிருந்தது. மேல்முறையீட்டுக்கு அரை மணி நேரம் உண்டு. யாரும் கேட்கவில்லை. டீ குடித்தேன், அரை மணி முடிந்தது, முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றரைக்கு நத்தம் வரை கொண்டுவிடுகிறோம் என்று குட்டியானையில் என்னை ஏற்றிக்கொண்டவர்களும் முருகேசனும் தங்கராசுவும்தான். தங்கராசு ஓட்டினார், நடுவில் நான். ஓட்டியபடியே தங்கராசு ஒருமுறை தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“விடுங்க மாமா” என்றார் முருகேசன். “பெரிய பந்தயத்துலயும் அதான் சட்டமாம். சாரே சொல்லிட்டாரு. நம்ம மேலதான் தப்பு.”

நத்தத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. முருங்கைக்காய் இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

இரண்டு மணிப் பேருந்தில் திண்டுக்கல் திரும்பினேன். சென்னைத் தடங்களில் நான் தண்டனை கொடுத்தால் விதிப்புத்தகத்தோடு வந்து கத்துவார்கள், வீடியோ காட்டுவார்கள், ஒருவர் வக்கீலையே கூட்டி வந்தார். அவர்களைப் பற்றி நிறையக் குறை சொல்லியிருக்கிறேன். அங்கே என் சொல்லை யாரும் அப்படியே நம்புவதில்லை. அதனால்தான் அங்கே என்னால் இதுவரை யாரும் இப்படிக் கெட்டதில்லை.