மாலை ஆறரை மணி பதில்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் சொல்கிறேன். நடந்தது நடந்தபடி, மணி உட்பட. என் கைப்பட எழுதிய பதிவேடு இருக்கிறது.

என் பெயர் ஸோலெகா. நர்ஸ். கேப் டவுனிலிருந்து தெற்கே ஐந்து நாள் கப்பலில் போனால் வரும் ஒரு தீவின் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். நாங்கள் பதினாலு பேர். ஏப்ரலில் இறக்கிவிட்டால் அடுத்த ஏப்ரலில்தான் கப்பல் வரும். நர்ஸுக்கு அங்கே அதிகம் வேலை இல்லை என்று ரேடியோவையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தினமும் மாலை 6.30க்கு, பறவைகளை எண்ணுவதற்காக வெளியே குடிசைகளில் தங்கியிருப்பவர்களைக் கூப்பிட வேண்டும். எத்தனை பேர், நலமா, வானிலை என்ன. பதில் வந்தால் பதிவேட்டில் எழுதுவேன். வராவிட்டால் விடிந்ததும் தேடிக்கொண்டு ஆள் கிளம்பும். இது ஒரு விதி. யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. அந்த இரண்டாவது விதியை உடைத்தவன் கோபுஸ். எங்கள் தலைவன்!

ஜூன் 19. மேற்குக் குடிசைக்குப் போக வேண்டிய இருவரில் ரியானுக்குக் காய்ச்சல். ஜூன் 21 நடுக்குளிர் நாள். தீவில் எங்களுக்கு அதுதான் பெரிய பண்டிகை. அதற்குள் அல்பட்ராஸ் கடல்பறவைக் குஞ்சுகளின் கணக்கு முடிய வேண்டும் என்று கோபுஸ் மற்றவனான லுகான்யோவை மட்டும் அனுப்பினான்.

"தனியாவா அனுப்புறீங்க? அப்ப விதி எல்லாம் யாருக்கு?"

"ரெண்டு நாள்தானே. அவன் என்ன கைக்குழந்தையா?"

லுகான்யோ பையை மாட்டிக்கொண்டே சிரித்தான். "விடுக்கா. இருபத்தொண்ணு மத்தியானம் வந்து நிப்பேன். எனக்கு ஒரு ஆட்டுத் தொடை எடுத்து வை. இந்த ரியான் காய்ச்சலோடயே தின்னு தீத்துருவான்."

அன்று மாலை 6.30.

"மேற்குக் குடிசை, மேற்குக் குடிசை. பேசு."

ஸ்ஸ்ஸ்ஸ்...

"ரெண்டு பேர். நலம். பனிமூட்டம். மேற்குக் காற்று நாற்பது."

கிளிக்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு பேரா? யாருடா கூட, பெங்குவினா?"

ஸ்ஸ்ஸ்ஸ் மட்டும்தான் கேட்டது. பின்னால் கோபுஸ் ரொட்டியைக் காபியில் தொட்டபடி நின்றிருந்தான். ரொட்டி முழுசாகக் கோப்பைக்குள் விழுந்துவிட்டது. அவன் அதை எடுக்கவில்லை.

"நலம்னு எழுதிக்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எழுதினேன்.

ஜூன் 20. மாலை 6.30.

"ரெண்டு பேர். நலம். பனிமூட்டம். மேற்குக் காற்று நாற்பது."

அதே வார்த்தைகள். ஜன்னலில் பார்த்தேன். மேற்கே வானம் துடைத்து வைத்த மாதிரி, நட்சத்திரம் நட்சத்திரமாக இருந்தது. ஒரு பொட்டுப் பனிமூட்டம் இல்லை. அந்தக் குடிசையின் தகரக் கூரை சும்மா இருக்கவே இருக்காது. யார் பேசினாலும் பின்னால் டட டட டட என்று கேட்கும். அன்று கேட்கவில்லை. காற்றுச் சத்தமே இல்லை.

இன்னொன்று. லுகான்யோ 'அக்கா' சொல்லாமல் ஒரு நாளும் பேச்சை முடித்ததில்லை.

கோபுஸிடம் ஓடினேன். "அது அவன் குரல் மாதிரி இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"விளையாடுறான். எழுதிக்கோ."

மறுபடியும் எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூன் 21. மத்தியானம் அவன் வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. கூடத்தில் பாட்டும் கறி சுடும் வாசனையும். நான் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

6.29.

நான் பட்டனைத் தொடவில்லை.

ஸ்ஸ்ஸ்ஸ்...

"ரெண்டு பேர்..."

இன்னும் நான் கூப்பிடவே இல்லை.

"நலம்..."

நடுவில் மூச்சு வாங்கும் சத்தம் இல்லை.

கிளிக்.

கூடத்துக்குள் பாய்ந்தேன். கோபுஸ் தலையில் காகிதக் கிரீடம்.

"விடிஞ்சதும் தேடப் போகணும்!"

"பதில் வந்துச்சுல்ல? பதில் வந்தா தேடுறதில்ல. அதான் விதி."

"இப்பதான் விதி ஞாபகம் வந்துச்சா உனக்கு?" அந்தக் கிரீடத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். ரியான் மட்டும் எழுந்து பூட்ஸைத் தேடினான்.

"காய்ச்சலோட எங்கடா?"

"நான் போகாததாலதானே அவன் தனியாப் போனான். நான் வரேன்."

காலை 7.10க்குக் கிளம்பினோம். குடிசையைத் தொட்டபோது மணி 2.15. உள்ளே லுகான்யோ கிடந்தான். கால் உடைந்திருந்தது. முதல் நாளே ஓடையில் சறுக்கி விழுந்து, தவழ்ந்து தவழ்ந்து குடிசைக்கு வந்திருக்கிறான். மேஜையில் அவன் ரேடியோ. பேட்டரியைக் கழற்றிக் காயவைத்திருந்தான். ரேடியோவுக்குள் இன்னும் தண்ணீர் நின்றது.

"ஏன்க்கா இவ்வளவு லேட்டு?" உதடு வெடித்திருந்தது. "நான்தான் பேசவே இல்லையே... மொத நாளே தேடி வந்திருக்கணுமே..."

நான் அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன்.

"வெளிய நிக்கிறவங்களையும் உள்ள வரச் சொல்லுக்கா. மூணு நாளா கதவுகிட்டயே நிக்கிறாங்க."

ரியான் என் பக்கத்தில்தான் இருந்தான்.

"எத்தனை பேருடா?"

"ரெண்டு பேர்."

கதவைத் திறந்து பார்த்தேன்.

ஒருவரும் இல்லை.

கையோடு கொண்டுபோன ரேடியோவில் கூப்பிட்டு, நிலையத்திலிருந்து நான்கு பேரை வரவழைத்துத் தூக்கி வந்தோம். கேப் டவுன் டாக்டர் ரேடியோவில் சொல்லச் சொல்ல, குளிரில் விறைத்துக் கறுத்துப்போன மூன்று கால்விரல்களை நானே வெட்டி எடுத்தேன். முதல் நாளே போயிருந்தால் ஒன்றுகூடப் போயிருக்காது.

மறுநாள் கோபுஸ் வந்தான். "அந்த மூணு நாள் பக்கத்தையும் கிழிச்சிரு. தலைமையகத்துல தேவையில்லாம கேள்வி வரும்."

அதுவரை எனக்குப் பழைய பதிவேடுகளின் நினைப்பே இல்லை. அவன் கிழிக்கச் சொன்னதும்தான் போனேன். சாமான் அறையில், அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஜூன் மாதத்தைப் புரட்டினேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவேடு. ஜூன் 19, 20, 21. மேற்குக் குடிசை. மூன்று நாளும் ஒரே வரி.

ரெண்டு பேர். நலம். பனிமூட்டம். மேற்குக் காற்று நாற்பது.

ஒரே மை. ஒரே சாய்வு. கூப்பிடாமலே, விருந்துக்குப் போகிற அவசரத்தில் மூன்று நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதி வைத்த எழுத்து. கீழே ரேடியோக்காரனின் கையெழுத்து: கோபுஸ்.

அந்தப் பக்கத்தோடு அன்றைய டாக்டரின் குறிப்பு ஒன்றைக் குத்தி வைத்திருந்தார்கள். ஜூன் 23 அன்று, குடிசையின் கதவுக்கு வெளியே இரண்டு உடல்கள். உயிர் போனது 19ஆம் தேதி, இருட்டுவதற்கு முன்.

பதிவேட்டை அவன் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே போட்டேன்.

"யாரு குரல்டா அது?"

அவன் நிமிரவில்லை. "டாவியோடது. செத்தவன்ல ஒருத்தன்."

"எப்பத் தெரியும்?"

"...மொத நாளே."

முதல் நாளே! தெரிந்தும் என்னிடம் 'எழுதிக்கோ' என்றான். இவனுடைய பழைய பொய் வெளியே வந்துவிடக் கூடாதென்று ஒருவனை உடைந்த காலோடு மூன்று நாள் அங்கே கிடக்கவிட்டான்.

பக்கங்களையெல்லாம் படமெடுத்து அன்றே தலைமையகத்துக்கு அனுப்பினேன். ஆனால் ஏப்ரல் வரை கப்பல் இல்லை. அவனை எங்கே துரத்துவது? அதனால் ரேடியோ நாற்காலியில் அவனை உட்கார வைத்தோம். அதற்குப் பிறகு மேற்குக் குடிசைக்கு யாரும் போகவில்லை, பூட்டித்தான் கிடந்தது. இருந்தாலும் தினமும் 6.30க்கு அதையும் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன்.

கப்பல் வருவதற்கு இன்னும் இருநூற்று எண்பது நாள் இருந்தது.

பதில் வராத நாள் ஒன்றுகூட இல்லை.