‘மாட்டும்’ என்று சொன்ன நாள்

டக்.

ஹெட்செட்டின் ‘பின்’ கம்ப்யூட்டர் ஓட்டைக்குள் போய் உட்காரும் இந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு தனசேகர் அண்ணன் ஞாபகம் வந்துவிடும். அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபது வருடமாக விற்பனையும் சர்வீஸும் பார்க்கிறேன். அந்தச் சத்தத்தை நம்பி நான் செய்த தவறு இது.

அவர் அண்ணனூரில் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் கார் ஷெட்டில் ஃபிட்டர். “கேம் ஆடிக்கினே பேசற மாதிரி ஒரு ஹெட்செட் குடும்மா” என்று வந்தார். காதுக்கு மெத்தென்று இருக்கிறதா, மைக் வளைகிறதா என்று எல்லாம் காட்டினேன். அவருடைய கம்ப்யூட்டர் எது என்று மட்டும் கேட்கவில்லை.

“நம்ம ஊட்டு கம்ப்யூட்டர்ல மாட்டுமா?”

“மாட்டும்ண்ணே.”

மாட்டியது. வினையே அதுதான்.

ஐந்தாம் நாள் மதியம் பெட்டியோடு வந்து நின்றார்.

“இன்னாம்மா குடுத்த? அவ பேசறது கேக்குது. நான் பேசறது அவளுக்குப் போவல.”

“யாருக்குண்ணே?”

“பொண்ணுக்கு.”

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. பெட்டியின் மூலையை நகத்தால் கீறிக்கொண்டே சொன்னார். முன்பு வீட்டில் அப்பாவும் மகளும் சேர்ந்துதான் கேம் ஆடுவார்களாம். அவருக்குப் பிடிக்காத இடத்தில் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். ஒன்றரை வருடம் அவர் பேசவில்லை. போன வாரம் அவளே அவரை ஆன்லைனில் ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

“மூஞ்சிக்கு நேரா பேச வராது, ஆடிக்கினே பேசலாம்னு போனேன். நாலு நாளா ‘அப்பா, கேக்குதா’ன்றா. கேக்குதும்மா கேக்குதும்மான்னு நான் கத்தறேன். நேத்து, ‘இன்னும் பேச மாட்டல்ல? நாளிக்கு ஒரு தபா வருவேன், அதான் கடைசி’ன்னுட்டுப் போய்ட்டா.”

“போன் பண்ணிச் சொல்லலாமேண்ணே?”

“பண்ணேன். எடுக்கல.”

மாட்டும் என்று நான் சொன்ன சொல், அங்கே போய் பேச மாட்டார் என்று ஆகியிருந்தது.

அவர் போனில் வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். பழைய டெஸ்க்டாப். பின்பக்கம் பச்சை, ரோஸ், நீலம் என்று தனித்தனி ஓட்டைகள். ஹெட்செட் பின்னை எடுத்துக் காட்டினேன். அதில் மூன்று கறுப்புக் கோடுகள். இரண்டு கோடு என்றால் சத்தம் கேட்க மட்டும். மூன்று என்றால் மைக்கும் அதே பின்னில் வருகிறது. லேப்டாப்பின் ஒற்றை ஓட்டை பெரும்பாலும் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். டெஸ்க்டாப்பின் பச்சை ஓட்டை சத்தத்தை மட்டும் கொடுக்கும். மைக்குக்கு ரோஸ் ஓட்டை.

அவர் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ரயில் பெட்டிக்குப் பெட்டி கப்ளிங் போட்டு இணைச்சுட்டு, கரண்டு போற ஜம்பர் கேபிள மாட்டாம உட்ட கதைன்னு சொல்லு. எங்க ஷெட்ல இந்த வேலய செஞ்சா மெமோ குடுப்பான், தெரியுமா?”

“எனக்கும் குடுங்கண்ணே.”

ஸ்ப்ளிட்டர் ஒன்றை எடுத்தேன். ஹெட்செட்டின் ஒற்றைப் பின்னை வாங்கிக்கொண்டு, பச்சைக்கும் ரோஸுக்குமாக இரண்டு பின்னாகப் பிரித்துத் தரும் சிறிய வயர். சொந்தமாகச் சவுண்டு கார்டு வைத்திருக்கும் யூஎஸ்பி ஹெட்செட்டைக் கொடுத்திருந்தால் இதுவும் வேண்டியிருக்காது. கடையின் பழைய டெஸ்க்டாப்பில் மாட்டி, சவுண்டு செட்டிங்கில் மைக்கைத் தேர்ந்தெடுத்து, “பேசுங்கண்ணே” என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். திரையில் பச்சைக் கோடு ஒன்று எழும்பி அடங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “கேக்குதும்மா” என்றார். கோடு மறுபடி எழுந்தது.

அன்றிலிருந்து யார் ஹெட்செட் கேட்டாலும் முதலில் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் படமெடுத்து வரச் சொல்கிறேன். மாட்டுமா என்று கேட்டால், பேசுமா என்று பார்த்துவிட்டுத்தான் பதில்.

அன்று ஸ்ப்ளிட்டரைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு அவர் படியிறங்கினார்.

“அண்ணே, கடைக்காரி தப்பா குடுத்துட்டா, அதான் நீங்க பேசுனது கேக்கலன்னு பொண்ணுகிட்ட சொல்லிடுங்க.”

அவர் திரும்பினார்.

“நாலு நாளுதாம்மா உன்னுது. ஒன்ற வருசம் என்னுது. அத நானே சொல்லிக்கறேன்.”