முதுகிடம் சொன்ன சேதி

என் வீட்டுக்காரரைக் கப்பல் வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்த அன்று நான் செய்த முதல் காரியம், அவரை வாசலில் நிறுத்தி ஏற இறங்கப் பார்த்ததுதான். எண்பதுகளின் கடைசி அது. அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். மிஷின் பழுது பார்க்கிற வேலை. தூத்துக்குடியில் இருந்த அவருடைய அக்கா வீட்டுக்காரர் யார் யாரையோ பிடித்து ஒரு சரக்குக் கப்பலில் அதே வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். டாக்டர் பரிசோதனையில் தேறினால் வேலை நிச்சயம். என்னென்ன பார்ப்பார்கள் என்று கடிதத்தோடு ஒரு தாளும் வந்திருந்தது. எடை, மார்பு விரிவு, கண், பல், ரத்த அழுத்தம், சிறுநீர், காது. மூன்று மாதம் அவகாசம்.

"இந்த ஒடம்ப வச்சுக்கிட்டா கப்பல்ல ஏறப் போறீங்க? காத்தடிச்சா நீங்களே பறந்துருவீங்க."

"பறந்தாப் பறக்கேன். அங்க பஞ்சு பறக்காதுல்லா" என்றார்.

நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். பதினேழு வயதில் மில்லுக்குள் போனவர். பன்னிரண்டு வருஷமாகப் பஞ்சுத் தூசிதான் அவருக்குக் காற்று. கொடியில் கிடக்கும் அவர் சட்டையை உதறினால் எனக்குத் தும்மல் வரும். ஒரு தடவையாவது கடல் காற்றை நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும் என்று அவர் எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறார். கப்பலுக்குப் போனால் வருஷத்தில் பத்து மாதம் அவர் கண்ணில் படமாட்டார். இருந்தாலும் அவர் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அவரை நான் முதலில் பார்த்ததும் அதே மில்லில்தான். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அங்கே நூல் சுற்றும் பகுதியில் இருந்தேன். மிஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் மில்லில் எல்லோரும் சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோம். சாப்பாடு, சண்டை, மேஸ்திரியைத் திட்டுவது எல்லாமே உதட்டில்தான். புரிந்தால் ஒரு புருவத்தைத் தூக்க வேண்டும். ஒரு நாள் எதிர் வரிசையில் மிஷினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஒன்னைக் கெட்டிக்கிடட்டா?" என்று உதட்டால் கேட்டார். சுற்றி நாற்பது பேர் அவரவர் மிஷினைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவருக்கும் தெரியாது. நான் புருவத்தைத் தூக்கினேன்.

அப்படிக் கேட்ட மனிதர் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் கல்லாய்ப் போனார். அடுப்படியில் இருந்து நான் பத்து வார்த்தை பேசினால் ஒன்றுக்குப் பதில் வரும். மண்டைக்கனம் என்று நினைத்தேன். "செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று முணுமுணுப்பேன். அதற்கும் பதில் வராது. எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன், ஒன்றை மட்டும் முடியவில்லை. முதல் தடவை நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம் ஆனதும், யாருக்கும் சொல்லாமல் அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்ததால், முதுகுக்குப் பின்னால் நின்று, "நான் முழுகாம இருக்கேன்" என்றேன். அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஷிப்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க அழுதேன். கடிதம் வந்தபோது மகளுக்கு நாலு வயது. அந்த முள் அப்போதும் உள்ளே இருந்தது.

அதை அப்படியே வைத்துக்கொண்டுதான் அவர் உடம்பைத் தேற்றினேன். மில்லில் பஞ்சு மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்று பார்த்ததில், இருக்க வேண்டியதற்கு நாலு கிலோ குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் அம்மா கேள்விப்பட்டதும் வாரா வாரம் பால்கோவா கொடுத்துவிட்டாள். காலையில் இரண்டு முட்டை, ராத்திரி நேந்திரம்பழம். பாக்குப் போடுவதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை, நான்தான் பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கறையை எடுத்தோம். பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் நிறுத்தி, வருகிற பஸ்ஸின் போர்டை எல்லாம் படிக்க வைத்தேன். தென்காசி, சங்கரன்கோவில், மதுரை என்று நான் படிப்பதற்கு முன்னால் அவர் படித்தார்.

கடைசியாகக் காது. மெல்லிய குரலில் சொன்னதை இருபது அடி தள்ளி நின்று கேட்க வேண்டும் என்று தாளில் இருந்தது. எங்கள் வீடு மொத்தமே பதினாலு அடி. கதவைத் திறந்து அவரைத் தெருவில் நிறுத்தினேன். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு ரகசியம் போல மெல்ல, "கத்தரிக்கா" என்றேன்.

"கத்தரிக்கா."

"வெள்ளிக்கெழம."

"வெள்ளிக்கெழம."

"மக்கு."

"ஏட்டி, தெருவுல நிக்கேன்" என்று சிரித்தார். நான் தாளில் காது என்ற இடத்தில் ஒரு டிக் போட்டேன். எழுதும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினோம். டாக்டர் வயதானவர், பொறுமையானவர். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு பாதி சாத்தியிருந்ததால் டாக்டருக்கு என்னைத் தெரியாது. எனக்கு உள்ளே கொஞ்சம் தெரிந்தது. எடை சரி. கண் பிரமாதம். மார்பு விரிவைப் பார்த்து டாக்டரே பாராட்டினார். நான் ஆண்டாளுக்கு வேண்டிக்கொண்டதை மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

"அந்தக் கதவோரமாப் போயி, சுவரைப் பார்த்து நில்லுங்க. நான் சொல்றதத் திருப்பிச் சொல்லணும்" என்றார் டாக்டர்.

இவர் கதவை ஒட்டி வந்து நின்றார். அறையின் மறுகோடியில் இருந்து மெல்லிய குரல் வந்தது. "அறுபத்து மூணு."

இவர் பேசாமல் நின்றார்.

"அறுபத்து மூணு." இப்போது கொஞ்சம் சத்தமாக. வெளியே இருந்த எனக்கே கேட்டது. இவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கைகளை ஒட்ட வைத்துக்கொண்டு, டாக்டர் எப்போது ஆரம்பிப்பார் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் நின்று அவர் கேட்கவே இல்லை. என் உதட்டைப் படித்திருக்கிறார். நானும் மில்லுக்காரி, அவரும் மில்லுக்காரர். முகத்துக்கு நேரே நின்று பேசுவதுதான் பேச்சு என்று இரண்டு பேரும் இருந்திருக்கிறோம். அவரைத் திருப்பி நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏதோ சரியில்லை என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். மெல்லக் கண்ணைத் திருப்பிக் கதவு இடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை. உதட்டை நன்றாக விரித்துச் சொன்னேன்: அறுபத்து மூணு.

அவர் புருவம் உயர்ந்தது. புரிந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

அவர் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு, "கேக்கல சார்" என்றார்.

டாக்டர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். எத்தனை வருஷம் மில்லில் என்று கேட்டார். இந்தக் காதை வைத்துக்கொண்டு கப்பல் இன்ஜின் அறையில் விட முடியாது என்று, முகத்துக்கு நேராக நின்று பதமாகச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை நடந்தோம். டீ கைக்கு வந்ததும் பொறுக்க முடியவில்லை.

"நான்தான் சொன்னேம்லா? பாத்தீங்கல்லா?"

"பாத்தேன்."

"பொறவு என்னத்துக்குக் கேக்கலன்னீங்க? அம்புட்டும் போச்சே!"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு அங்க ஒருத்தன் பின்னால நின்னு 'ஓடுலே'ன்னு கத்துனா, கதவோரத்துல நீயா வந்து நிக்கப் போற?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கடல் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். வேண்டாம், பிள்ளை தேடும், போவோம் என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டுதான் கிடைத்தது. கோவில்பட்டி தாண்டும்வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முதுகிடம் எத்தனை பேசியிருக்கிறேன்! திட்டியதெல்லாம் அவருக்குக் கேட்கவில்லை என்பதில் கொஞ்சம் நிம்மதிதான். மற்றதும் கேட்கவில்லையே. சங்கு ஊதின பழமொழியை நினைத்ததும் கூசிப்போய்விட்டது. அதற்குப் பிறகு அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தோளைத் தொட்டு அவரை என் பக்கம் திருப்பினேன். "பிள்ள உண்டானத மொத மொத உங்ககிட்டத்தான் சொன்னேன், தெரியுமா?"

"எங்கிட்டயா?" அவர் நிஜமாகவே திகைத்தார். "ஒங்கம்மா சொல்லில்லா எனக்குத் தெரியும். எங்கிட்டச் சொல்லாம அவியகிட்டச் சொல்லியிருக்காளேன்னு எம்புட்டு நாள் மனசுக்குள்ளயே வச்சிருந்தேன்."

ஆக, முள் இரண்டு பேருக்கும் இருந்திருக்கிறது. ஒரே சேதியில் ஏறிய முள்.

பஸ் இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் கத்திப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் அவர் முகத்தை நேராகப் பார்த்து, அன்றைக்கு அவர் முதுகிடம் சொன்னதைக் குரலே இல்லாமல் உதட்டால் மட்டும் மறுபடி சொன்னேன்: நான் முழுகாம இருக்கேன்.

அவர் என் வாயையே பார்த்தார். புருவம் மெதுவாக உயர்ந்தது. எத்தனை மாசம் என்று அவரும் உதட்டாலேயே கேட்டார். நான் இரண்டு விரலைக் காட்டினேன்.