விற்பனைக்கு வராத கணினி

திருச்சுழி தாலுகா ஆபீஸ் பக்கம் நாகஜோதி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அறுபதை நெருங்குகிற வயது.

1987இல், கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு, சென்னைக் கம்பெனி ஒன்றின் மதுரைக் கிளையில் சேர்ந்தார். டிவியில் இணைத்து ஓட்டும் சிறிய கணினியைப் பள்ளிக்கூடங்களுக்கு விற்க அந்தக் கம்பெனி திட்டமிட்டிருந்தது. விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்த பெட்டிகளில் ஒன்று இவரிடம் வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார். போகும் ஊரில் யார் வீட்டிலாவது டிவியை இரவல் கேட்க வேண்டும்.

வீரசோழன் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் ரத்தினம் கேட்டார்: "ஏம்மா, இதுல தமிழு வருமா?"

நாகஜோதி ஒரு விசையைத் தட்டினார். கட்டம் கட்டமாக 'அ' எழுந்தது. ரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தார்.

"எப்பம்மா கெடைக்கும்?"

"பள்ளிக்கூடம் தெறக்கும்போது வந்துரும் சார்."

வரவில்லை. பள்ளிகளுக்கான அரசு ஆர்டர் வேறொரு கம்பெனிக்குப் போனதும், இவர்கள் திட்டத்தையே கைவிட்டார்கள். மதுரைக் கிளையை மூடினார்கள். பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூட ஆளில்லை. நாகஜோதி நேரில் போய் ரத்தினத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

"சொல்லணும்னு வந்தீகளே, அதுவே பெருசு" என்றார் அவர். திரும்பி வரும் பஸ்ஸில் நாகஜோதிக்கு அழுகை வந்தது.

போன வருஷம் ஹரிஹரசுதன் கடைக்கு வந்தார். அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துக்காரர், பெங்களூரில் வேலை. பழைய கணினிகளைத் தேடிச் சேகரிப்பவர். அந்தக் கணினியை வடிவமைத்தவரே நாகஜோதியின் பெயரைச் சொல்லியிருந்தார்.

"மத்தப் பெட்டியெல்லாம் ஒடச்சுட்டாகளாம். இது ஒண்ணுதான் மிச்சம். எங்கிட்டக் குடுத்துருங்க, பத்திரமா வச்சுக்கிறேன்."

நாகஜோதி பெட்டியை எடுத்துவந்து முன்னால் வைத்தார். "மொதல்ல ஓடுதான்னு பாருங்க."

ஓடவில்லை. ஹரிஹரசுதன் உள்ளிருந்த சிப்பை மட்டும் கழற்றி, கையோடு கொண்டுவந்த கருவியில் செருகி, அதிலிருந்த நிரலைத் தன் லேப்டாப்புக்குப் பிரதி எடுத்தார். அதில் ஓட்டிக் காட்டினார். எழுத்துகள் வந்தன.

"இனி இது யாருகிட்ட வேணா ஓடுமா?"

"ஓடும்மா."

"அப்ப அதக் கொண்டு போங்க. பெட்டி எங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். நாகஜோதி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.