ரத்தத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

பரமத்தி வேலூரைச் சுற்றிய கிராமங்களில் தொழுநோயாளிகளின் வீட்டாரிடம் ரத்தம் எடுத்துச் சோதிப்பது அப்போது என் வேலை. கிருமி உள்ளே புகுந்தால் அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் தெரியலாம். தோலில் திட்டு வருமுன்பே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது ஆய்வின் நோக்கம்.

வெற்றிலை கிள்ளும் பெண் ஒருத்தி. அவள் கணவனுக்கு நோய் முற்றியிருந்தது, அவன் ரத்தத்தில் ஆன்டிபாடி ஏராளம். அவள் ரத்தத்தில் எதுவும் இல்லை. சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏனுங்க மேடம், இதையே ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க. சாமிக்கு வெக்கற வெத்தலைங்க. எங்கூட்டுக்காரருக்குச் சீக்குன்னு தெரிஞ்சதுல இருந்து என்னத் தோட்டத்துக்குள்ளயே உட மாட்டேங்கறாங்க."

எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. கிருமி நிறைய இருந்தால்தான் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும், குறைவாக இருந்தால் நரம்பு கெட்டாலும் ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்று பயிற்சியில் படித்தது மறக்கவில்லை. மரத்துப்போன திட்டு வந்தால் உடனே வா என்று சொல்லியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அழுகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். நல்ல பெயர் வாங்கும் ஆசை, வேறென்ன.

ஒன்றரை வருடம் கழித்து மறுசோதனைக்குப் போனேன். அவள் முன்கையில் வெளிறிய திட்டு. பேனா முனையால் தொட்டால் தெரியவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியிருந்தன, கட்டைவிரலில் வலு இல்லை.

"எப்ப இருந்து இப்படி?"

"போன ஆடியில இருந்துங்க. தேமல்னு இருந்துட்டனுங்க. சீக்கா இருந்தா உங்க தாள்லயே போட்டிருப்பீங்கல்லங்க?"

அன்றும் ரத்தம் எடுத்தேன். அன்றும் எதுவும் இல்லை. சோதனைப் பெட்டியைக் கிணற்றில் வீசலாம் போல ஆத்திரம் வந்தது. பெட்டி என்ன பாவம் செய்தது!

மருத்துவமனைக்கு நானே கூட்டிப்போனேன். மாத்திரையில் கிருமி செத்துவிடும், விரல் நிமிர்வது சந்தேகம்தான் என்றார் மருத்துவர். திரும்பும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"முந்தியே வந்திருந்தா வெரலு நேராயிருக்குமுங்களா?"

"இருந்திருக்கும்."

"ஆராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடியாந்திருப்பனுங்க."

எனக்குத் தெரிந்திருந்தது என்பதை அன்றும் நான் சொல்லவில்லை.