யூஜீனியா முறித்த ஊசி

யூஜீனியாவைப் பற்றி எழுதித் தரச் சொல்லிப் பெண்கள் அமைப்பிலிருந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு அவள் பெரிய வீராங்கனை. எனக்கு அவள் பக்கத்து மெசின். வருடக்கணக்காக அவளுடைய கரைச்சலைத் தாங்கியவள் நான். ஆகவே புகழ்ந்து எழுத மாட்டேன். உள்ளதை எழுதுகிறேன்.

என் பெயர் கமறியா. இருப்பது கரைத்தீவில். என் உம்மாவும் வாப்பாவும் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் என்று துரத்தப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்கள். யூஜீனியாவுக்கு ஆலங்குடா. சண்டைக்குத் தப்பி வன்னியிலிருந்து வந்து கடற்கரையில் கொட்டில் போட்ட வேதக்காரக் குடும்பம். வேறு வேறு காரணத்துக்காக ஓடிவந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் புத்தளம் பக்கத்து கார்மென்ட் ஒன்றில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தோம். "அங்க ஒண்டா இருக்க விடேல்லை. இஞ்ச ஒண்டா இருந்து ஆரின்ரையோ பிள்ளையளுக்குச் சட்டை தைக்கிறம்" என்பாள் அவள்.

நாற்பதைத் தாண்டிய மெலிந்த மனுசி. குரல் மட்டும் ஆளை விடப் பெரிது. கலியாணம் முடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "வந்தவனெல்லாம் நான் கதைக்கிறதைக் கேட்டிட்டு ஓடிட்டான்" என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவளிடம் பெரிய தொல்லை என்னவென்றால், பொய் சொல்லத் தெரியாது. பகல் சாப்பாட்டில் என் கறியைக் கொடுத்து எப்படி என்று கேட்டால், "உப்புக் கூடிப்போச்சு கமறியா" என்பாள். விடிய முன் எழும்பிச் சமைத்துக் கொண்டுபோனவளுக்கு எப்படி இருக்கும்? ஒரு நாள் கறிச் சட்டியைப் பறித்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளுக்கு வேறு வேலை இல்லை. பஸ் பிடித்து, ஓட்டோ பிடித்து, வேலைக்கு வரும் பெண்களின் வீடு வீடாகப் போவாள். சம்பளத்தில் எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது, பிள்ளைப்பேற்று லீவு எவ்வளவு, சுப்பர்வைசரின் கை மேலே பட்டால் எங்கே போய்ச் சொல்வது, இதுதான் கதை. பல வீட்டில் கேற்றைத் திறக்கமாட்டார்கள். "இந்தப் புள்ளைக்கு வீட்டில அடுப்பே இல்லையா?" என்று என் உம்மா முணுமுணுத்தபடியே அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றுவா. கம்பனி வைத்திருந்த ஊழியர் சபையில் அவளும் ஒருத்தி. அந்தச் சபை கூடினால் பிஸ்கட் சாப்பிடலாம், வேறொன்றும் நடக்காது.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கார்மென்டில் ஒரு லைனுக்கு, அதாவது ஒரு மெசின் வரிசைக்கு, ஒரு சிவப்பு டோக்கன். பாத்ரூம் போக வேண்டுமென்றால் சுப்பர்வைசரிடம் கேட்டு அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். போனவள் திரும்பி வரும்வரை மற்றவள் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் லைன் சுப்பர்வைசர் கீதன், உடப்பு ஊர்ப் பொடியன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். டார்கெட் குறைந்தால் மேலே அவனுக்குத்தான் ஏச்சு. ஆனால் தம்பி வயதுப் பொடியன் ஒருவனிடம் போய் நின்று அதைக் கேட்க எங்களுக்கு வெட்கம். அவன் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்ப்பான், பிறகு எங்களைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! நானும்தான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஊசி முறிந்தால் முறிந்த துண்டு முழுவதையும் தேடி எடுத்து ஊசி அறையில் கொடுக்க வேண்டும். அங்கே அதை ஒரு அட்டையில் ஒட்டி, பெயரை எழுதிக்கொண்டுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு காணவில்லையென்றால் லைனே நிற்கும். சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் எழும்பி, துணியை உதறி, காந்தத்தால் நிலத்தைத் தடவித் தேட வேண்டும். நாங்கள் தைப்பது குழந்தைகளின் உடுப்பு. வெளிநாட்டில் ஒரு குழந்தையின் சட்டையில் ஊசி முனை கிடந்துவிட்டால் அந்தக் கம்பனியே ஆர்டரை நிறுத்திவிடும் என்பார்கள்.

ஹஃபீலா எங்கள் லைனில் சட்டைக்குக் கை பொருத்துகிறவள். உப்பளத்தில் வேலை செய்யும் முபாரிஸின் மனைவி. வாய் திறந்தால் காற்றுத்தான் வரும், அவ்வளவு மெதுவான பிள்ளை. முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது தங்கியபோது கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லியனுப்பினாவாம், சிறுநீரை அடக்கவே கூடாது, முதல் தடவை வந்த காய்ச்சலும் அதனால்தான் என்று. அவள் வந்து என் காதில், "ராத்தா, எனக்கு ஏலாம இருக்கு" என்றாள். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியை ராத்தா என்போம். "கீதன்ட கேளு புள்ள" என்றேன். கேட்கமாட்டாள். ஒரு நாள் எப்படியோ போய்க் கேட்டாள். டோக்கன் வேறொருத்தியின் கழுத்தில் இருந்தது.

அன்றைக்குத்தான் எங்கள் லைனில் தைக்கும் ஜெய்னம்பு தடித்த மடிப்பில் துணியை வலிந்து இழுத்தாள். ஊசி டக்கென்று முறிந்தது. முனையைக் காணவில்லை என்று கத்தினாள். எல்லோரும் எழும்பித் தேடினோம். அந்த இடைவெளியில் ஹஃபீலா ஓடிப்போய் வந்துவிட்டாள். அவள் வந்து உட்கார்ந்ததும் முனை ஜெய்னம்புவின் சட்டைக் கையில் செருகியிருந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டது! அதன் பிறகு ஹஃபீலாவுக்குப் போக வேண்டியபோதெல்லாம் முறை வைத்து முறித்தோம். ஒரு ஆணிடம் போய் வாய் திறந்து கேட்பதை விட எங்களுக்கு அது சுகமாக இருந்தது.

யூஜீனியா மட்டும் சேரவில்லை. "முனை உண்மையாவே துலைஞ்சு போனா ஆரின்ர பிள்ளைக்குக் குத்தும்?" என்றாள். "ஊசியை முறிச்சுப்போட்டுப் பெய்யப் போற உரிமை என்ன கோதாரி உரிமையடி? வாயால கேப்பம், வாங்கோ."

"நீ கேளு, உனக்குத்தான் வாய் இருக்கு" என்று நான் எரிந்து விழுந்தேன். அவள் ஊழியர் சபையில் கேட்டாள், பல தடவை. பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் மேலே இருக்கிறவர்கள் கவனித்துவிட்டார்கள். மற்ற லைன்களை விட எங்கள் லைனில் ஊசி அதிகம் முறிகிறது, முறியும்போதெல்லாம் ஹஃபீலாவின் கதிரை வெறுமையாக இருக்கிறது. அவள்தான் ஏதோ நாச வேலை செய்கிறாள் என்று முடிவுகட்டி விசாரணைக்கு நாள் வைத்தார்கள். விசாரணை என்றால் எங்கள் இடத்தில் வீட்டுக்குப் போ என்றுதான் அர்த்தம். வேலை போனால் பிள்ளைப்பேற்று லீவும் போகும், சம்பளமும் போகும், அந்த நிலையில் வேறு எவன் அவளை எடுப்பான்? உண்மையைச் சொன்னால் நாங்கள் எல்லோரும் மாட்டுவோம் என்று அவள் வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டு வந்தோம்.

விசாரணைக்கு முந்திய நாள் உடுப்பு வாங்கும் வெளிநாட்டுக் கம்பனியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வருவதாக இருந்தது. வந்தால் என்ன கேட்பா, நாங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பாடமாக்கி விட்டிருந்தார்கள்.

அன்று காலை நான் பார்த்தேன். யூஜீனியா மெசினுக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் ஒரு நாளும் வேலை தொடங்க முன் அப்படிச் செய்தவளில்லை. பிறகு துணியை இரண்டு கையாலும் பிடித்து முரட்டுத்தனமாக இழுத்தாள். ஊசி முறிந்தது. தானே குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, எண்ணிப் பார்த்து, ஒன்றும் மறைக்காமல் ஊசி அறைக்குக் கொண்டுபோனாள். ஹஃபீலா எழும்பக்கூட இல்லை, அதற்குள் யூஜீனியா திரும்பி வந்துவிட்டாள். "என்னா புள்ள, எங்கட தொழிலைப் பழகுறியா? பழகுற நாளாப் பாத்தாய்!" என்று பரிகாசம் பண்ணினேன். அவள் புது ஊசியை மாட்டித் தைக்கத் தொடங்கினாள்.

சாப்பாட்டு அறையில் எங்களில் சிலரைக் கூப்பிட்டு இருத்தினார்கள். மெனேஜர் சிரித்த முகத்தோடு ஒரு பக்கம், வெள்ளைக்கார அம்மா ஒரு பக்கம். அவவின் பேச்சைத் தமிழில் சொல்ல சாருமதி என்று ஒரு இளம் பிள்ளை வந்திருந்தாள்.

"உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருக்கா எண்டு மெடம் கேக்கிறா."

பாடமாக்கியபடி எல்லோரும் இல்லை என்றோம். யூஜீனியா எழும்பினாள். யா அல்லாஹ், தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"எங்கட லைன்ல ஊசி கனக்க முறியுது. ஏனெண்டு தேடுகினம். தேடத் தேவையில்லை. நாங்கதான் முறிக்கிறம்."

நான் மேசைக்குக் கீழே அவளை நன்றாகக் கிள்ளினேன். அவள் அசையவில்லை.

சாருமதி மொழிபெயர்த்ததும் வெள்ளைக்கார அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டா. ஏன் என்று கேட்டா.

"மூத்திரம் பெய்யப் போறதுக்கு" என்றாள் யூஜீனியா.

சாருமதியின் முகம் சிவந்துபோனது. அப்படியே நின்றாள்.

"சொல்லுங்கோ தங்கச்சி. இங்கிலீஸ் ஆக்களும் பெய்யிறவைதானே."

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சாருமதி சொன்னாள். யூஜீனியா டோக்கனைப் பற்றிச் சொன்னாள், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளைப் பற்றிச் சொன்னாள், நாளைய விசாரணையைச் சொன்னாள். "அவள் ஒரு ஊசியும் முறிக்கேல்லை. அவள் எழும்பிப் போக வழி இருந்தா எங்கட லைன்ல இனி ஒரு ஊசியும் முறியாது. வழி இல்லாட்டி முறியும். ஒரு நாளைக்கு முனை உங்கட பிள்ளையின்ர சட்டையோட வரும். எனக்கு அந்தப் பயம் இருக்கு. உங்களுக்கு இருக்கோ தெரியாது."

வெள்ளைக்கார அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அடிவயிற்று நோவுக்கு அது மாறவில்லை. ஊசிக்குத்தான் மாறியது. எனக்கு அதில் இன்றைக்கும் கோபம்தான். யூஜீனியாவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

மெனேஜரின் சிரிப்புப் போய்விட்டது. "முறிச்சது யார்? பேரைச் சொல்லுங்க."

"யூஜீனியா. இண்டைக்குக் காலமை முறிச்சனான். அட்டையில ஒட்டியிருக்கு, போய்ப் பாருங்கோ."

"மற்ற ஆக்கள்?"

"என்ர பேரைச் சொல்லிட்டன். மற்றவையைப் பற்றி நான் சொல்லமாட்டன்."

பின்னேரம் பஸ்ஸில் அவளை ஏசித் தீர்த்தேன். "உனக்கு விசரா? நீ ஒரு ஊசி முறிச்சவளா எப்பவாவது? கையைத் தூக்கிக்கொண்டு போய்க் குற்றத்தை ஏத்துட்டு வந்திருக்காய்!"

"முறிக்காம முறிச்சனெண்டு சொல்ல ஏலாதே கமறியா" என்றாள் அவள். "அதுக்காகத்தான் காலமை முறிச்சனான்."

பாலாவிச் சந்தியில் அவள் இறங்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஹஃபீலாவின் விசாரணை நடக்கவில்லை. யூஜீனியாவைத்தான் வேண்டுமென்று இயந்திரப் பொருளைச் சேதப்படுத்தினாள் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பெண்கள் அமைப்பு அந்த விசயத்தை வெளிநாட்டிலுள்ள தங்கள் சிநேகிதிகளுக்கு எழுதியது. நாங்கள் தைத்த சட்டைகள் தொங்கும் கடைகளுக்கு முன்னால், முறிந்த ஊசிப் படத்தைப் பிடித்துக்கொண்டு யாரோ பெண்கள் குளிரில் நின்றார்களாம். படத்தை எங்களுக்குப் போனில் காட்டினார்கள். எங்களுக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் எங்களைத் தெரியாது. கம்பனி டோக்கனை எடுத்துவிட்டது. யூஜீனியாவை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. வேலையைத் திரும்பக் கேட்டு அவள் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. இப்போது ஞாயிறு மட்டுமில்லை, எல்லா நாளும் வீடு வீடாகத் திரிகிறாள். கேற்றைத் திறக்கிறார்கள்.

டோக்கன் தொங்கிய ஆணி வெறுமையாக இருந்த முதல் நாள், ஒருவரும் எழும்பவில்லை. பழக்கம் விடவில்லை. எல்லோரும் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு தைத்தோம். கடைசியில் ஹஃபீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். கீதனுக்கும் பழக்கம் விடவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"எங்க போறீங்க?"

"மூத்திரம் பெய்ய" என்றாள் ஹஃபீலா.

லைன் முழுவதும் கொல்லென்று சிரித்தது. கீதன் காதுவரை சிவந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். வழக்கம்போல ஓடாமல், அவள் மெல்ல நடந்து போனாள்.

தேத்தண்ணி நேரத்தில் ஆலங்குடாவுக்குப் போன் எடுத்தேன். யூஜீனியாவின் பக்கம் கடல் காற்று இரைந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"ஹஃபீலாவோ?" என்று கேட்டாள். "சத்தமாச் சொன்னவளோ?"

"மெசின் சத்தத்துக்கு மேலால கேட்டிச்சு."

வேலை போன நாளிலும் அழாதவள், அப்போது அழுதாள்.